ஹவுண்டா, கர் நாயா, கலப்பா? காட்டுப்பன்றி வேட்டைக்கு எதை வளர்ப்பது

அமெரிக்காவின் தெற்கில், டெக்சாஸ், லூசியானா, புளோரிடா பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் வளர்ப்பவர்களிடம் ஓயாமல் சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு. கையில் நல்ல கர் (சத்தமில்லாமல் போய்ப் பன்றியை மறிக்கும் மாட்டுக்காரர் நாய்) பெட்டை இருக்கிறது. ஹவுண்ட் (மோப்பம் பிடித்து ஊளையிட்டுத் துரத்தும் நாய்) ஆண் ஒன்றோடு சேர்த்தால் குட்டிகளுக்கு மூக்கு, அதாவது மோப்பத் திறன், கூடுமா? கேட்ட உடனே ஆளுக்கொரு இனத்தின் பெயரைச் சொல்வார்கள். ஒருவர் பிளாட் என்பார், இன்னொருவர் வாக்கர் என்பார், மூன்றாமவர் கலக்கவே கூடாது என்பார். இனத்துக்குப் போகும் முன் கேட்க வேண்டியது வேறு: உங்கள் வேட்டை எந்த இடத்தில் தோற்கிறது? பன்றியைக் கண்டுபிடிக்க முடியாமல் தோற்கிறதா, கண்டுபிடித்த பன்றி நிற்காமல் ஓடித் தோற்கிறதா? முதல் குறைக்கு ஹவுண்ட் ரத்தம் உதவும். இரண்டாவது குறையை அதே ரத்தம் இன்னும் பெரிதாக்கும். இது தெரியாமல் போட்ட ஈற்றில்தான் எட்டுக் குட்டியும் எதற்கும் உதவாமல் போகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவுக்குப் பன்றி சொந்த விலங்கு அல்ல. 1539-ல் எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது கூடவே ஓட்டிவந்த பன்றிகளிலிருந்து கதை தொடங்குகிறது. பிறகு குடியேறியவர்கள் வளர்த்த பன்றிகள் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. 1912-ல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில், வேட்டைப் பூங்கா ஒன்றுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவையும் வேலியைத் தாண்டி வெளியேறிக் கலந்தன. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் இருப்பதாக அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுகிறது. டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். சோளம், நிலக்கடலை, நெல், மேய்ச்சல் நிலம் எதையும் விடுவதில்லை. 2019 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை உரிமம் இல்லாமலே பன்றியைக் கொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. நாயை விட்டு வேட்டையாடுவது குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கத் தெற்குக்கு மட்டும்.

சரி, இரண்டு வகை நாயும் எதற்காக உருவானவை என்பதிலிருந்துதான் ஒப்பீடு தொடங்க வேண்டும்.

கர் நாய்கள் மாட்டுக்காரர்களின் நாய்கள். தெற்கில் ஒரு காலத்தில் மாடுகளையும் பன்றிகளையும் வேலி இல்லாத காட்டில் மேயவிட்டார்கள். யாருடைய பன்றி என்று தெரிய காதில் வெட்டு அடையாளம் இருக்கும். புளோரிடாவில் இந்தத் திறந்த மேய்ச்சல் 1949 வரை நீடித்தது. ஆண்டில் சில முறை காட்டுக்குள் போய்ப் பன்றிகளைத் தேடி, ஒன்றுசேர்த்து, பட்டிக்கு ஓட்டிவர வேண்டும். அதற்கு நாய் சத்தமில்லாமல் போய்க் கூட்டத்தைக் கண்டு, சுற்றி வந்து மறித்து, ஆள் வரும்வரை முகத்துக்கு நேரே நின்று குரைக்க வேண்டும். கடித்துக் குதறக் கூடாது. அது எஜமானின் சொத்து. கர் நாயின் அடக்கமான மறிப்பு அங்கிருந்து வந்தது. லூசியானாவின் கேட்டஹூலா (1979 முதல் அம்மாநில நாய்), டெக்சாஸின் புளூ லேசி (2005 முதல் மாநில நாய்), மிசிசிப்பி, டெக்சாஸ், அலபாமா பக்கத்து பிளாக் மவுத் கர், புளோரிடா கர் எல்லாமே இந்த வேலையில் உருவானவை.

ஹவுண்டுகளின் கதை வேறு. ரக்கூன் (மரமேறும் சிறு இரவு விலங்கு), நரி, கரடி என்று ஓடும் விலங்கைப் பல மைல் துரத்தி மரமேற்றவோ மடக்கவோ வளர்க்கப்பட்டவை. வேட்டைக்காரன் பின்னால் காலால் நடந்தோ குதிரையிலோ வருவான், பெரும்பாலும் இரவில். நாய் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய ஒரே வழி அதன் குரல். அதனால் தடத்தில் மூக்கு பட்ட நொடியிலிருந்து ஊளையிட்டுக்கொண்டே ஓடும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். புளூடிக், ட்ரீயிங் வாக்கர், ரெட்போன், பிளாக் அண்ட் டேன் எல்லாம் அந்த வழி. பிளாட் ஹவுண்ட் கொஞ்சம் தனி. 1750 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த பிளாட் குடும்பம் வட கரோலினா மலையில் கரடிக்காக வளர்த்த நாய் அது. 1989 முதல் அம்மாநிலத்தின் நாய். கரடியின் முன்னால் நிற்கும் துணிச்சல் இருப்பதால் காட்டுப்பன்றிக்கும் அதையே பயன்படுத்தினார்கள். ஹவுண்டுகளில் பன்றிக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

இந்த ஒப்பீட்டில் பலரும் கணக்கில் எடுக்காத ஒரு மாற்றம் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை. ஹவுண்டின் குரலுக்கு முன்பு பெரிய மதிப்பு இருந்தது. நாயை இழக்காமல் இருக்க அதுவே வழி. இன்று கையிலிருக்கும் கருவி, நாய் எத்தனை கஜத்தில் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே நின்று குரைக்கிறது என்று காட்டிவிடுகிறது. ஆக, குரல் தந்த நன்மையில் பெரும்பங்கைக் கருவி எடுத்துக்கொண்டது. குரலால் வரும் கெடுதல் மட்டும் அப்படியே இருக்கிறது. பன்றிக்குக் காது கூர்மை. அரை மைலுக்கு அப்பால் ஊளைச் சத்தம் கேட்டால், வேட்டைக்குப் பழகிய பன்றி படுக்கையிலிருந்து எழுந்து கிளம்பிவிடும். சத்தமில்லாமல் வரும் கர் நாய் பன்றியின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போதுதான் பன்றிக்கே விஷயம் தெரியும். ஓடத் தொடங்காத பன்றியை மறிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் பன்றியை நிறுத்துவதைவிடப் பல மடங்கு எளிது.

பதிலுக்கு ஹவுண்ட் தருவது மூக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பன்றி கடந்துபோன இடத்தில் விடியற்காலையில் நாயை இறக்கினால், பல கர் நாய்கள் தரையை முகர்ந்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். அவை பெரும்பாலும் சூடான, அதாவது சற்று முன் பதிந்த, தடத்தையும் காற்றில் வரும் வாசனையையும் நம்பி, ஓடியே இடத்தை அலசித் தேடுபவை. நல்ல ஹவுண்ட் அந்த ஆறிய தடத்தைப் பிடித்து, அடிக்கு அடி நகர்த்தி, இரண்டு மணி நேரம் கழித்தாவது பன்றியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். விடாப்பிடியும் ஹவுண்டின் சொத்து. ஓட்டம் மூன்று மைலைத் தாண்டினால் பல கர் நாய்கள் திரும்பி வண்டிக்கு வந்துவிடும். ஹவுண்ட் வராது, அதைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

இங்கே நிலத்தின் அளவு உள்ளே வருகிறது. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு இதற்குத்தான். டெக்சாஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது. உங்களுக்கு அனுமதி கிடைத்திருப்பது 300 ஏக்கராக இருந்தால் அதன் அகலம் முக்கால் மைல்கூட வராது. ஹவுண்ட் ஓட்டம் தொடங்கினால் சில நிமிடங்களில் பக்கத்து வேலியைத் தாண்டிவிடும். அந்த நிலத்துக்காரர் உங்களுக்கு அனுமதி கொடுத்தவர் இல்லை. அதற்கு அடுத்தது நெடுஞ்சாலை. எனக்குத் தெரிந்து நல்ல நாய்கள் பன்றியின் கொம்புப்பல்லில் செத்ததைவிட வண்டிச் சக்கரத்தில் செத்ததுதான் மனசை அதிகம் அறுக்கிறது, ஏனென்றால் அது தவிர்க்கக் கூடியது. டென்னசி, வட கரோலினா மலைகளிலோ புளோரிடாவின் பெரிய பொதுக் காடுகளிலோ நிலைமை வேறு. அங்கே பல்லாயிரம் ஏக்கர் தொடர்ந்து கிடக்கும், பன்றிகள் சிதறி இருக்கும், தடம் பழையதாக இருக்கும். பிளாட் அந்த மலையில் உருவானது தற்செயல் இல்லை.

ஆகவே சின்ன நிலம், நிறையப் பன்றி, தெரிந்த படுக்கைகள் என்றால் சுத்தமான கர் வழியே போதும். கலப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த நிலத்தில் மூக்கு உங்கள் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆற்றோரப் புதரில் இறக்கினால் பத்து நிமிடத்தில் சூடான தடம் கிடைத்துவிடும். அங்கே தோற்கிறதென்றால் பன்றி மறிப்பை உடைத்து ஓடுவதால்தான் இருக்கும். அதற்குத் தேவை வேகமும், இன்னொரு நல்ல கர் நாயின் துணையும். பிளாக் மவுத் கர் வழிகளில் இந்த வேகமும் முரட்டுத்தனமும் கூட. கேட்டஹூலாவில் சுற்றி நின்று மறிக்கும் குணம் கூட. லேசி சின்ன உடம்பு, பெரும்பாலும் 25 கிலோவுக்குள், ஆனால் சுறுசுறுப்பு அதிகம்.

சுத்த ஹவுண்ட் கூட்டத்தை மட்டும் வைத்துப் பன்றி வேட்டையாடுவதை, மலைக்காடு கையில் இல்லாத யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஓட்டத்தின் சங்கீதத்துக்காகவே ஹவுண்ட் வளர்ப்பவர்கள் உண்டு. அந்த ஆசையை மதிக்கிறேன். பயிரைக் காப்பாற்ற வந்த வேட்டைக்கு அது பொருந்தாது. இன்னொரு சிக்கல் மான். நரி, ரக்கூன் வழி ஹவுண்டுகள் சிலவற்றில் ஓடுவது எதுவானாலும் துரத்தும் ஆசை பலமாக இருக்கும். டெக்சாஸில் நாயை விட்டு மான் வேட்டையாடுவது சட்டவிரோதம். மானைத் துரத்தும் நாய் ஒரே நாளில் உங்கள் அனுமதிகளை எல்லாம் காலி செய்துவிடும்.

இப்போது கலப்புக்கு வருவோம். பாதிக்குப் பாதி என்ற முதல் கலப்பில் உண்மையான பலன் உண்டு. இரண்டு பக்கமும் நன்கு வழிப்படுத்தி வளர்த்த பெற்றோராக இருந்தால் குட்டிகள் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். உடல் திடமும் கூடும். மூக்கு கர் பெற்றோரைவிட ஆழமாகவும், தடத்தில் நகரும் வேகம் ஹவுண்டைவிடக் கூடுதலாகவும் அமையலாம். பிளாட் ஆணையும் பிளாக் மவுத் கர் பெட்டையையும் சேர்த்த நல்ல குட்டி, பெரிய நிலத்தில் முதலில் பன்றியைக் கண்டுபிடிக்கும் நாயாக அருமையாக வேலை செய்யும். ஆனால் வாய் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஹவுண்டின் மூக்கையும் கர் நாயின் மௌனத்தையும் ஒரே குட்டியில் எதிர்பார்த்துத்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். முதல் கலப்பில் வாய் பெரும்பாலும் ஹவுண்ட் பக்கம் சாய்கிறது. சில குட்டிகள் தடம் சூடான பிறகு மட்டும் குரல் கொடுக்கும். அது தாங்கக் கூடியது. தடத்தில் பட்ட நொடியே கத்தும் குட்டிகளும் வரும். முழு மௌனமாகத் தடம் பிடிப்பது வந்தால் அதிர்ஷ்டம். மூக்கு, வாய், ஓடும் தூரம், துணிச்சல் எல்லாம் தனித்தனியாகக் கடத்தப்படுபவை. வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

முதல் கலப்பு நாய்கள் இரண்டை மறுபடி ஒன்றோடொன்று சேர்ப்பதைத்தான் நான் பலமாக எதிர்க்கிறேன். அண்ணன் நாயும் தங்கை நாயும் அருமையாக வேலை செய்கின்றன, அதனால் இவற்றின் குட்டி இன்னும் அருமையாக இருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டாம் தலைமுறையில் எல்லாக் குணமும் சிதறும். ஒரு குட்டி அச்சு அசல் ஹவுண்ட், ஒன்று அச்சு அசல் கர், நடுவில் மூக்கும் இல்லாமல் சத்தம் மட்டும் உள்ளவை. உறவுக்குள் சேர்த்ததன் கேடும் கூடவே வரும். அந்த ஈற்றில் ஒரு நல்ல நாய் கிடைக்கலாம். மீதியை என்ன செய்வீர்கள்?

கால்பங்கு ஹவுண்ட், முக்கால்பங்கு கர் என்பதே என் மனசுக்கு ஒத்த கலப்பு. முதல் கலப்பில் நன்றாக நிரூபித்த பெட்டை ஒன்றைத் தேர்ந்து, உறவில்லாத நல்ல கர் ஆணோடு திரும்பச் சேர்க்க வேண்டும். மறிக்கும் குணமும் வண்டிக்குத் திரும்பும் குணமும் மீண்டும் பலமாகின்றன, மௌனமான குட்டிகளின் பங்கு கூடுகிறது, பாட்டன் வழி மூக்கில் கொஞ்சம் மிஞ்சுகிறது. இதற்கு விலை காலம். பன்றி நாயின் உண்மைக் குணம் ஏறக்குறைய இரண்டு வயதில்தான் தெளிவாகத் தெரியும். முதல் தலைமுறைக்கு இரண்டு ஆண்டு, 63 நாள் சினை, அடுத்த தலைமுறைக்கு இன்னொரு இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டுக்கு மேல் தீவனம், மருந்து, பயிற்சி கொடுக்கத் தயாராக இல்லாதவர் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம், கலக்காமலே கலப்பின் பலனைப் பெறும் வழி ஒன்று இருக்கிறது. பலர் அதை யோசிப்பதே இல்லை. ஒரே ஒரு வயது வந்த ஹவுண்டை வாங்கி, கர் நாய்களோடு ஒரே கூட்டத்தில் வைத்துக்கொள்வது. ஹவுண்ட் ஆறிய தடத்தை எடுத்து நகர்த்தட்டும். சிலர் அதை நீண்ட கயிற்றிலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். தடம் சூடாகிறது என்று அதன் குரல் மாறும்போது கர் நாய்களை அவிழ்த்துவிட வேண்டும். அவை முந்திப் போய் மறிக்கும். குட்டி போட்டு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, வேலை தெரிந்த நாயை வாங்கினால் அடுத்த வாரமே தெரிந்துவிடும், சரிவராவிட்டால் தகுந்த ஆளிடம் கொடுத்துவிடலாம். ஹவுண்ட் ரத்தம் தேவையா என்று சந்தேகத்தில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு சீசன் அப்படிப் போய்ப் பார்த்தால், உங்கள் நிலத்தில் மூக்கு உண்மையிலேயே குறையா இல்லையா என்பது வெளிச்சமாகிவிடும்.

துணிச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாய்கள் சாகின்றன. பிளாட்டும் பிளாக் மவுத் கரும் இரண்டுமே முரட்டு வழியிலிருந்து வந்தால் குட்டிகள் மறிப்பதோடு நிற்காமல் பாய்ந்து கவ்வும். 120 கிலோ ஆண் பன்றியைத் தனியாகக் கவ்வும் நாய்க்கு ஆயுள் குறைவு. கெவ்லார் என்ற உறுதியான இழையால் செய்த கவசம் நெஞ்சையும் கழுத்தையும் காக்கும், தொடையையும் அடிவயிற்றையும் முழுதாகக் காக்காது. கவ்வுவதற்கு அமெரிக்கன் புல்டாக் போன்ற பிடிநாய் தனியாக இருக்கிறது. ஆள் அருகில் வந்த பிறகு அதை விட்டு, உடனே பன்றியின் உயிரை முடித்துவிட வேண்டும். நாய்க்கும் பன்றிக்கும் அதுதான் குறைந்த வேதனை. சிலர் கர் வழிக்குள் புல்டாக் ரத்தத்தைக் கலக்கிறார்கள். மூக்கும் மூச்சும் குறைகிறது, தையல் போடும் செலவு கூடுகிறது. எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை.

சேர்ப்பதென்று முடிவெடுத்துவிட்டால் இனத்தைவிட அந்தத் தனி நாய்தான் முக்கியம். பன்றியையே பார்க்காத ரக்கூன் வழி ஹவுண்டைப் பெயருக்காகச் சேர்க்க வேண்டாம். தாய் தகப்பன் இரண்டையும் உங்கள் நிலத்தில், ஒரே தடத்தில், துணை நாய் இல்லாமல் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் பன்றியை விட்டு நடத்தும் போட்டிகள் லூசியானாவின் வின்ஃபீல்டில் பெயர் பெற்றவை. அதில் தெரிவது நாய் பன்றியின் முன்னால் எப்படி நிற்கிறது என்பது மட்டும். பன்றியைத் தேடிக் கண்டுபிடிக்குமா என்பது தெரியாது. ஜிபிஎஸ் பதிவுகளை அழிக்காமல் வைத்திருப்பவரிடம் கேட்டால் அந்த நாய் எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை ஓட்டத்தைப் பாதியில் விட்டது என்று கோட்டிலேயே தெரியும்.

நிறத்தைப் பற்றிய எச்சரிக்கை இதில் அடங்கும். கேட்டஹூலாவின் திட்டுத் திட்டான நிறம் மெர்ல் என்ற மரபணுவால் வருவது. அமெரிக்கன் லெப்பர்ட் ஹவுண்டிலும் அது உண்டு. மெர்ல் நாய் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அது இரு பக்கமிருந்தும் சேரும். அப்படிப் பிறப்பவற்றில் பலவற்றுக்குக் காதோ கண்ணோ பழுதாகும். கேட்டஹூலாவை ஹவுண்டோடு சேர்க்க நினைப்பவர் பிளாட், வாக்கர், புளூடிக் பக்கம் போகலாம். புளூடிக்கின் புள்ளிகள் மெர்ல் அல்ல. திட்டு நிறம் தெளிவாக இல்லாமல் மறைந்திருக்கும் நாய்களும் உண்டு, அதனால் மரபணுச் சோதனை செய்துவிடுவது உத்தமம்.

பொறி வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிடிப்பதுதான் பன்றித் தொகையை உண்மையில் குறைக்கிறது. நாயால் மட்டும் அது ஆகாது. பொறிக்குச் சிக்காமல் மிஞ்சும் கிழட்டு ஆண் பன்றிகளைத் தேடிப்பிடிக்கத்தான் நாய். அப்படி மிஞ்சியவற்றுக்காகவே உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால், பன்றி ஒன்றிரண்டுதான், தடமும் பழையது. அங்கே கால்பங்கு ஹவுண்ட் தன் சோற்றுக்கு உழைக்கும். புதிதாகப் பன்றி புகுந்து நிறைந்திருக்கும் சோளக்காட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் இரண்டு மௌனமான கர் நாய்களுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் காட்டுப்பன்றியிலிருந்து நாய்க்குத் தொற்றும் சூடோரேபிஸ் நோயை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் நாய்க்கு அதற்குத் தடுப்பூசி இல்லை, வந்தால் பிழைப்பதும் இல்லை. வேட்டையில் கிடைத்த பச்சை இறைச்சியையும் குடலையும் நாய்க்குப் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்க்கும் புருசெல்லா (இனச்சேர்க்கையில் பரவிக் கருவைக் கலைக்கும் கிருமி) சோதனை எடுத்துவிடுங்கள். குட்டி பிறப்பதற்கு முன்பே, வேட்டைக்கு உதவாமல் போகும் குட்டிகளை எடுத்துக்கொள்ளும் வீடுகளைப் பேசி வையுங்கள். பன்றி பிடிக்காத கலப்புக் குட்டி மாட்டுப் பண்ணைக்கும் வீட்டுக் காவலுக்கும் நன்றாகவே பொருந்தும், ஆனால் அந்த வீட்டை இரண்டு வயதில் தேடுவதைவிட எட்டு வாரத்தில் தேடுவது எளிது.